கவலைக்கும் ஒரு பேரேடு



சரக்குக் கொள்முதல், விற்பனை, பாக்கி வசூல் பற்றியெல்லாம் நாம் அடிக்கடி பேசுகிறோம். இத்தனையையும் சுமக்கிற மனதைப் பற்றிப் பேசுவதில்லை. இந்த முறை அதைக் கொஞ்சம் பார்ப்போம்.

நமக்குத் தெரிந்த மளிகைக் கடைக்காரர் ஒருவர். ரங்கே கவுடர் வீதியில் சரக்கு எடுத்துப் புறநகரில் வியாபாரம் செய்பவர். இருபது வருட அனுபவம். ஒரு நாள் காலை கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடித்தது. மூச்சு முட்டியது, உள்ளங்கை வேர்த்தது, கை நடுங்கியது. ஹார்ட் அட்டாக் என்று பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் எடுத்துப் பார்த்து, "இருதயத்தில் ஒரு கோளாறும் இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள்.

பத்தே நாளில் மறுபடியும் அதே படபடப்பு. பிறகு தனியாக வண்டி ஓட்டப் பயம், மொத்த வியாபாரியின் போன் வந்தால் பயம், ஷட்டரைத் திறக்கவே பயம் என்று ஆகிவிட்டது. மகனைக் கடையில் உட்கார வைத்துவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார். "ஏனுங்க, கடைப் பக்கமே காணோம்?" என்று கேட்டால், "கேஸ் டிரபிளுங்க" என்பார். உண்மையில் அவருக்கு வந்தது மனப்பதற்ற நோய். வெளியே சொல்ல வெட்கப்பட்டே ஐந்து மாதத்தைக் கழித்தார்.

கவலை எப்போது நோயாகிறது?

சரக்கு லாரி வரத் தாமதமானால் கவலைப்படுவது இயல்பு. அந்தக் கவலைதான் நம்மை நாலு இடத்தில் விசாரிக்க வைக்கிறது. லாரி வந்து மூட்டை இறங்கிய பிறகும் கவலை இறங்காமல், மாதக்கணக்கில் நீடித்துத் தூக்கத்தையும் தொழிலையும் கெடுத்தால் அது நோய்.

பாம்பைக் கண்டால் உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது. இருதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு வாங்குகிறது. ஓடித் தப்பிக்க உடம்பு செய்து கொள்ளும் ஏற்பாடு அது. செக் திரும்பி வந்தாலும் உடம்பு அதே ஏற்பாட்டைத்தான் செய்கிறது. ஆனால் ஓடுவதற்கு இடமில்லை. இது தினமும் நடந்தால், காரணமே இல்லாத நேரத்திலும் அபாய மணி அடிக்கத் தொடங்கிவிடும்.

2015-16இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருப்பது தெரிந்தது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்கே போகவில்லை.

முதலில் உடம்பு

நெஞ்சு வலியை மனக்கவலை என்று நாமாகவே முடிவு கட்டக் கூடாது. முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தச் சோகை இருந்தாலும், சர்க்கரை இறங்கினாலும் படபடப்பு வரும். ஒருமுறை முழுதாகப் பரிசோதித்து எதுவும் இல்லை என்று தெரிந்த பின், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைவதை விட்டுவிட வேண்டும்.

ஒரு நெசவாளர் எழுதிய கணக்கு

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஆழியாறில் 1984இல் அறிவுத்திருக்கோயிலை நிறுவியவர் வேதாத்திரி மகரிஷி (1911-2006). கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து கைத்தறித் தொழில் நடத்தியவர். அவருடைய அகத்தாய்வுப் பயிற்சியில் 'கவலை ஒழித்தல்' என்று ஒரு பாடம் உண்டு. நம் பேரேட்டில் தலைப்புப் பிரிப்பது போலக் கவலைகளை நான்காகப் பிரிக்கச் சொல்கிறார். நம் தொழிலுக்குப் பொருத்திப் பார்ப்போம்.

1. அனுபவித்தே தீர வேண்டியவை: ஊரை விட்டே போனவரிடம் முழுகிய பாக்கி.

2. தள்ளிப்போட வேண்டியவை: மூன்று வருடம் கழித்து வரப்போகும் மகள் கல்யாணச் செலவு.

3. அலட்சியம் செய்ய வேண்டியவை: நம் கடையைப் பற்றி யாரோ பேசிய பேச்சு.

4. உடனே தீர்க்க வேண்டியவை: ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல், நாளைக்கு வங்கிக்கு வரப்போகும் செக்.

கடை சாத்தியதும் பத்து நிமிடம் ஒதுக்கி இப்படி எழுதிப் பாருங்கள். மலை போலத் தெரிந்ததில், நாளைக் காலை செய்ய வேண்டியது இரண்டோ மூன்றோதான் என்று தெரியும்.

அன்றாடம் செய்யக் கூடியவை

மூச்சை நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். பதற்றம் உச்சத்துக்குப் போனாலும் பெரும்பாலும் அரை மணிக்குள் தானாக இறங்கிவிடும்.

ரேஸ்கோர்ஸோ, வீட்டுப் பக்கத்து வீதியோ, தினமும் அரை மணி வேகமாக நடங்கள். டீ, காபியைக் குறையுங்கள். அவற்றில் உள்ள காஃபின் படபடப்பைக் கூட்டும். மதுவால் வரும் நிம்மதி ராத்திரியோடு சரி, விடிந்தால் பதற்றம் இரட்டிப்பாகும்.

முக்கியமாக, பயந்த இடத்தை ஒதுக்காதீர்கள். ஒதுக்க ஒதுக்கப் பயம் வளரும். முதல் நாள் கடையில் கால் மணி, அடுத்த நாள் அரை மணி என்று பழக வேண்டும்.

மருந்து தேவைப்பட்டால்

எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிப் பயத்தைக் குறைக்கும் பேச்சு சிகிச்சை உண்டு. மனநல டாக்டர் கொடுக்கும் மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரம் ஆகும். நடுவில் தானாக நிறுத்தக் கூடாது. மருந்துக் கடையில் தூக்க மாத்திரையைக் கேட்டு வாங்கிப் போடுவது அடிமைப்படுத்திவிடும்.

அமுக்கராவும் எண்ணெய்ச் சிகிச்சையும் சிலருக்கு உதவலாம். தகுதி பெற்ற சித்த, ஆயுர்வேத வைத்தியரைக் கேட்டே செய்யுங்கள். தைராய்டு, கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் அமுக்கராவைத் தாமாகச் சாப்பிடக் கூடாது. எந்த மருந்து எடுத்தாலும் இரு வைத்தியரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022இல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையில் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. வீட்டில் சொல்லி, உடனே உதவி கேளுங்கள்.

நம் கடைக்காரர் கடைசியில் மனைவியிடம் சொன்னார், பிறகு டாக்டரிடம் போனார். சிகிச்சை, நடை, கணக்கு நோட்டு மூன்றும் சேர்ந்து நாலைந்து மாதத்தில் அவரைக் கல்லாவில் மறுபடி உட்கார வைத்தன. பாக்கி இன்னும் இருக்கிறது, போட்டியும் இருக்கிறது. ஆனால் ஷட்டரை அவரேதான் திறக்கிறார்.

பக்கத்துக் கடை நாலு நாளாகத் திறக்கவில்லை என்றால், "சரக்கு இல்லீங்களா?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "மனசு நல்லா இருக்குதுங்களா?" என்றும் கேட்போம்.