விடுதலை நகரம்

2023-ம் ஆண்டு மே மாதம் 24-ந் தேதி. பேய் மழை. சூறைக் காற்று. ஒரு மரம் முறிந்து விழுந்தது.

செய்தி கேட்டு ஊரே திரண்டு வந்தது. பலர் கண் கலங்கி நின்றார்கள்.

ஒரு மரத்துக்கா இத்தனை துக்கம்?

ஆம்! அது சாதாரண மரம் அல்ல. தலையணைக்குப் பஞ்சு தருகிறதே, அந்த இலவ மரத்தின் இனம்தான். ஆனால், அதன் நிழலில்தான் ஒரு நாட்டின் கதை தொடங்கியது.

நாட்டின் பெயர் சியரா லியோன். ‘சிங்க மலை’ என்று அர்த்தம். போர்ச்சுகீசிய மாலுமிகள் வைத்த பெயர். ஆப்பிரிக்காவின் மேற்குக் கடற்கரையில் இருக்கும் சிறிய நாடு. தலைநகர் பிரீடவுன். அதாவது, விடுதலை நகரம்!

15 கப்பல்கள்

அமெரிக்கச் சுதந்திரப் போரின்போது, “எங்கள் பக்கம் வந்தால் விடுதலை” என்று அடிமைகளுக்கு ஆங்கிலேயர் ஆசை காட்டினார்கள். நம்பி வந்தவர்கள் ஏராளம். போரில் ஆங்கிலேயர் தோற்றனர். வந்தவர்களை, பனி கொட்டும் நோவா ஸ்கோஷியாவில் கொண்டுபோய் இறக்கினார்கள். சொன்னபடி நிலம் கிடைக்கவில்லை.

தாமஸ் பீட்டர்ஸ் என்பவர் லண்டனுக்கே போய் முறையிட்டார். 1792-ல், சுமார் 1,200 பேர் 15 கப்பல்களில் ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டார்கள். டேவிட் ஜார்ஜ் என்ற போதகர் தம் சபையாரையும் உடன் அழைத்து வந்தார். கோவில் கட்டுவதற்கு முன்பே சபை வந்துவிட்டது!

கரை இறங்கியதும் அவர்கள் இலவ மரத்தடிக்குப் போய், கடவுளுக்கு நன்றி சொன்னார்கள் என்பது அந்த ஊர் வழக்கு.

மறுபடியும் ஏமாற்றம். “நிலத்துக்கு வரி கிடையாது” என்று சொல்லி அழைத்து வந்த கம்பெனி, வரி கேட்டது. 1800-ல் கலகம் மூண்டது. இரண்டு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். கலகத்தை அடக்கியவர்கள் யார் தெரியுமா? ஜமைக்கா தீவில் ஆங்கிலேயரை எதிர்த்துச் சண்டையிட்டு, நாடு கடத்தப்பட்டு வந்த மரூன்கள்! அவர்களும் அடிமைகளின் சந்ததியாரே. கொடுமை அல்லவா?

தாயும் மகனும்

1807-ல் பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடை செய்தது. அதன் பிறகு அடிமைக் கப்பல்களைக் கடற்படை மடக்கியது. மீட்கப்பட்டவர்கள் பிரீடவுனில் இறக்கப்பட்டார்கள்.

1822-ல் அப்படி வந்து இறங்கியவன் ஒரு யொருபா சிறுவன். இப்போது நைஜீரியா என்று சொல்லப்படும் பகுதியில் பிறந்தவன். முந்தின ஆண்டு, அடிமை பிடிப்பவர்கள் அவன் ஊரைத் தாக்கினார்கள். தாயிடமிருந்து அவனைப் பிரித்து விற்றார்கள். பல கை மாறிக் கப்பல் ஏறினான்.

பிரீடவுனில் அவன் எழுத்துக் கற்றான். 1825-ல் ஞானஸ்நானம் பெற்றான். பெயர், சாமுவேல் குரோதர். 1827-ல் தொடங்கிய பூரா பே கல்லூரியின் முதல் மாணவர்களில் ஒருவரானார். 1843-ல் குருப்பட்டம்.

1846-ல் ஊழியம் செய்யச் சொந்த நாட்டில் உள்ள அபேகுட்டா நகருக்குப் போனார். அங்கே ஒரு கிழவி அவரைத் தேடி வந்தாள். அவர் தாய்! 25 ஆண்டுகளுக்குப் பிறகு சந்திப்பு. இருவருக்கும் பேச்சே எழவில்லை.

பிறகு தாயும் ஞானஸ்நானம் பெற்றாள். அவளுக்கு வைத்த பெயர் அன்னாள். வேதாகமத்தில் சாமுவேலின் தாய் பெயரும் அதுதான்!

1864-ல் குரோதர், ஆங்கிலிக்கன் சபையின் முதல் ஆப்பிரிக்க பிஷப் ஆனார். பைபிளை யொருபா மொழிக்குக் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் கடைசிக் காலத்தில் இளம் வெள்ளைப் பாதிரிகள் அவரை ஒதுக்கினார்கள். 1891-ல் காலமானார்.

ஒரே வீட்டில் இரு மதம்

சியரா லியோன் 1961-ல் சுதந்திரம் பெற்றது. அங்கே முஸ்லிம்களே அதிகம். கிறிஸ்தவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. இரு மதத்தாரும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறார்கள். 1991 முதல் 2002 வரை கொடிய உள்நாட்டுப் போர் நடந்தது. அது மதச் சண்டை அல்ல.

இலவ மரம் போய்விட்டது. அடிமரத்தில் ஒரு துண்டுதான் மிஞ்சியது. ஆனால், மரூன்கள் சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் கட்டிய சிறிய வெள்ளைக் கோவில் நகரின் நடுவே நிற்கிறது. அதன் கூரை உத்தரங்கள், ஓர் அடிமைக் கப்பலை உடைத்து எடுத்த மரம் என்று சொல்கிறார்கள்.