பகல் பதினொன்றரைக்கு ஸ்டொக் எடுக்கும் சேர்வர்

வியாபாரத்துக்கென இணையத்தளம் வைத்திருக்கும் நம்மவர்கள் பலரிடமும் கேட்கும் முறைப்பாடு ஒன்றுதான். காலையில் சைட் நன்றாகத் திறக்கிறது, கடையில் கூட்டம் சேரும் நேரத்தில்தான் படுத்து விடுகிறது. அதற்கு ஹோஸ்டிங் கம்பனியிடமிருந்து கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான். உங்கள் தளத்துக்கு வருவோர் கூடிவிட்டனர், பெரிய பெக்கேஜுக்கு மாறுங்கள் என்பார்கள். இந்தப் பதிலை நம்பி நாங்கள் ஒரு தடவை பணம் கட்டினோம். இரண்டாவது தடவையும் கட்டுவதற்குத் தயாராக இருந்தோம். உண்மையான காரணம் வாடிக்கையாளர் கூட்டமே அல்ல என்பது தெரிய வருவதற்குள் எட்டு மாதங்கள் போய்விட்டன.

புறக்கோட்டையில் மொத்தத் துணி வியாபாரம் செய்யும் கடையொன்றின் கணக்கு வழக்குகளை நான் பார்த்து வருகிறேன். மாவனல்லை, அக்குறணை, கல்முனைப் பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர்கள் கையிருப்பைப் பார்த்து அங்கிருந்தபடியே ஓடர் கொடுப்பதற்காக 2023ஆம் ஆண்டு ஓர் இணையத்தளத்தை அமைத்தோம். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள ஒரு வி.பி.எஸ். சேர்வரை வாடகைக்கு எடுத்தோம். வி.பி.எஸ். என்பது ஒரு பெரிய கட்டடத்தைத் தடுத்துப் பல கடை அறைகளாக வாடகைக்கு விடுவது போன்றது. இயந்திரம் ஒன்று, அதில் நமக்கென ஒதுக்கப்பட்ட பங்கு ஒன்று. எங்களுடைய பங்கு இரண்டு சி.பி.யு., 2 ஜி.பி. மெமரி.

ஓகஸ்ட் மாதமளவில் தொல்லை ஆரம்பமானது. பகல் பதினொன்றரை மணியானால் தளம் நகராது. சுமார் நாற்பது நிமிடங்களுக்குப் பின்னர் தானாகவே சரியாகும். அந்த நாற்பது நிமிடமும் கடைத் தொலைபேசி ஓயாது. "நானா, உங்கட சைட் சுத்திக்கிட்டே நிக்குது, ஓடர் போகுதே இல்ல" என்பார்கள். சிலர் அழைக்கவும் மாட்டார்கள், பக்கத்துக் கடைக்கு வட்ஸ்அப்பில் ஓடரை அனுப்பிவிடுவார்கள். நமக்கு நட்டம் இந்த இரண்டாவது வகையினரால்தான். அவர்களுடைய கணக்கு எந்தப் புத்தகத்திலும் வராது.

ஹோஸ்டிங் கம்பனியின் ஆலோசனைப்படி ஒக்டோபர் இறுதியில் மெமரியை 4 ஜி.பி. ஆக்கினோம். 2022இல் ரூபா சரிந்த பின்னர் டொலரில் கட்டும் எந்தப் பில்லும் கசப்பானதுதான். என்றாலும் முதலாளி மறுக்கவில்லை. நவம்பர் முதல் வாரம் கழிந்ததும் பதினொன்றரைத் தொல்லை மறைந்தே போனது. பணம் கொடுத்தோம், வேலை நடந்தது என்று நாங்கள் திருப்தியடைந்தோம்.

2024 மார்ச் இரண்டாம் வாரத்தில் அது திரும்பி வந்தது. அதே பதினொன்றரை, அதே நாற்பது நிமிடம். அந்த வாரமே நோன்பும் ஆரம்பமாகியிருந்தது. அதற்கடுத்த மாதம் பெருநாளும் புதுவருடமும் சில நாள் இடைவெளியில் வரவிருந்தன. துணி வியாபாரத்தில் வருடத்தின் பாதிக் கணக்கைத் தீர்மானிக்கும் வாரங்கள் அவை. சீசன் கூட்டம்தான் காரணம் என்பதில் எங்களில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ஹோஸ்டிங் கம்பனியும் அதையே கூறி, மூன்று மடங்கு விலையில் தனிச் சேர்வர் ஒன்றைப் பரிந்துரைத்தது.

அதற்குப் பணம் அனுப்புவதற்கு முதல் நாளிரவு, கணினித் துறையில் படிக்கும் என் மருமகனிடம் விடயத்தைச் சொன்னேன். அவன் கூட்டத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. "மாமா, ஸ்லோ ஆகிறது ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்துக்கா?" என்றுதான் கேட்டான். ஆம் என்றேன். "ஆக்கள் மணி பார்த்து வரமாட்டாங்க மாமா. மணி பார்த்து வாறது மெஷின்தான்" என்றான்.

மறுநாள் பதினொன்று இருபதுக்கு அவன் சேர்வருக்குள் நுழைந்து காத்திருந்தான். பக்கத்தில் நானும் இருந்தேன். அவன் முதலில் காட்டியது 'லோட்' எனப்படும் மூன்று எண்களை. கடந்த ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், பதினைந்து நிமிடம் ஆகியவற்றில் சராசரியாக எத்தனை வேலைகள் வரிசையில் நின்றன என்பதே அவற்றின் பொருள். எங்கள் பாஷையில் சொன்னால் காசாளர் முன்னால் நிற்கும் வரிசை. இரண்டு சி.பி.யு. என்றால் இரண்டு காசாளர்கள். லோட் 2 வரை இருந்தால் யாரும் காத்திருக்கவில்லை. 4 என்றால் ஒவ்வொருவருக்கும் பின்னால் இன்னொருவர் நிற்கிறார். பதினொன்று இருபத்தொன்பதுக்கு அந்த எண் 1ஐக்கூடத் தொடவில்லை. பதினொன்று முப்பத்தாறுக்கு 14 ஆகியிருந்தது.

இங்கேதான் எனக்கு ஒரு குழப்பம் வந்தது. லோட் 14 என்று காட்டும் அதே திரையில் சி.பி.யு. பெரும்பாலும் சும்மா இருப்பதாகவும் காட்டியது. காசாளர் கையைக் கட்டிக்கொண்டிருக்க, வரிசை மட்டும் வாசல்வரை நிற்பது எப்படி? மருமகன் விளக்கினான். லினக்ஸ் சேர்வர்களில், டிஸ்க்கிலிருந்து தரவு வரும்வரை முடங்கிக் கிடக்கும் வேலைகளும் 1993 முதல் லோட் கணக்கில் சேர்க்கப்படுகின்றன. அதாவது காசாளர் தயார், ஆனால் ஸ்டோரிலிருந்து சரக்கு இறங்கவில்லை. 'டொப்' என்ற கட்டளையைக் கொடுத்தால் வரும் திரையில் 'டபிள்யூ.ஏ.' என்றொரு எண் இருக்கும். டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நேரத்தின் சதவீதம் அது. அன்று அது 70க்கு மேல் போனது. எங்களுக்கு நெருக்கடி டிஸ்க்கில். மெமரியை இரட்டிப்பாக்கியதும் தனிச் சேர்வருக்குக் கேட்ட விலையும் அந்த நோய்க்குரிய மருந்துகள் அல்ல.

டிஸ்க்கை யார் பிடித்து வைத்திருந்தார்கள்? வேலைகளின் பட்டியலில் எங்கள் தளத்தின் பெயர் எங்கோ கீழே கிடந்தது. உச்சியில் நின்றவை கொன்ட்ரோல் பெனலின் பின்னணி வேலைகள்.

கொன்ட்ரோல் பெனல் என்பது, கட்டளைகள் தெரியாத நம்மைப் போன்றவர்கள் பட்டன்களை அழுத்தியே சேர்வரை நிர்வகிப்பதற்கான மென்பொருள். எங்களிடம் இருந்தது 1996 முதல் புழக்கத்தில் உள்ள சி-பெனல். இது திரையில் தெரியும் பட்டன்களோடு நின்று விடுவதில்லை. நாம் பார்க்காத நேரத்தில் வீட்டு வேலைகள் பலவற்றைச் செய்கிறது. எல்லாக் கணக்குகளையும் பெக்கப் எடுக்கிறது. வருகைப் பதிவேடுகளைப் படித்துப் புள்ளிவிபரம் தயாரிக்கிறது. தன்னைத்தானே புதுப்பித்துக் கொள்கிறது. மின்னஞ்சல்களில் குப்பையையும் வைரஸையும் தேடுகிறது. எல்லாமே தேவையான வேலைகள்தான். அவற்றில் மிகப் பாரமானது பெக்கப். ஒவ்வொரு கணக்கின் கோப்புகளையும், தரவுத்தளத்தையும், அஞ்சல் பெட்டிகளையும் முழுதாகப் படித்து, சுருக்கி, ஒரே பொதியாகக் கட்டுகிறது. எங்கள் தளத்தில் துணி மாதிரிகளின் படங்கள் மட்டுமே பல்லாயிரம். போதாததற்கு ஊழியர்கள் ஒருவரும் ஒரு மின்னஞ்சலையும் அழித்ததில்லை.

இந்தப் பெக்கப் வழமையாக அதிகாலை 2 மணிக்கு ஆரம்பிக்கும்படி அமைந்திருக்கும். ஆட்கள் தூங்கும் நேரம் என்பதால் நியாயமான ஏற்பாடுதான். ஆனால் யாருடைய அதிகாலை? எங்கள் சேர்வரின் கடிகாரம் அமெரிக்கக் கிழக்கு நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே கோடைகாலத்தில் நம் நேரத்துக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்தங்கியிருப்பார்கள். அவர்களுடைய அதிகாலை 2 மணி நமக்குப் பகல் 11.30. கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது கதவைப் பாதி சாத்திவிட்டு ஸ்டொக் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம். அதுவும் ஒவ்வொரு நாளும்.

நவம்பரில் அது மறைந்ததன் இரகசியமும் இதிலேயே இருந்தது. 2023 நவம்பர் 5ஆம் திகதி அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னால் தள்ளினார்கள். வித்தியாசம் பத்தரை மணித்தியாலமானது. பெக்கப் நமது 12.30க்கு நகர்ந்தது. லுஹர் தொழுகை, பகல் சாப்பாடு என்று கடைகள் ஓய்ந்திருக்கும் வேளை அது. தளம் அப்போதும் படுத்துத்தான் கிடந்தது, பார்ப்பதற்குத்தான் ஆளிருக்கவில்லை. 2024 மார்ச் 10ஆம் திகதி அவர்கள் மீண்டும் கடிகாரத்தை முன்னால் தள்ள, தொல்லை பழைய நேரத்துக்கே வந்து சேர்ந்தது. ஒக்டோபரில் மெமரிக்குக் கட்டிய பணம் சாதித்ததாக நாங்கள் நினைத்ததை உண்மையில் செய்தது அமெரிக்கக் கடிகாரம். இதை முதலாளியிடம் விளங்கப்படுத்தியபோது அவருடைய முகம் போன போக்கை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

பெக்கப்பை நிறுத்திவிடலாமா என்று கேட்டது நான்தான். மருமகன் கோபித்துக் கொண்டான். பூட்டு இறுக்கமாக இருக்கிறது என்பதற்காகக் கதவைக் கழற்றி வைக்க முடியுமா? அவன் செய்தது வேறு. சேர்வரின் நேர வலயத்தைக் கொழும்புக்கு மாற்றினான். நம் நாட்டில் கோடைக் கடிகாரம் இல்லாததால் இனி அது அசையாது. ஆனால் மறுநாளும் பதினொன்றரைக்குத் தளம் படுத்தது! நேரப்படி வேலைகளைத் தொடக்கி வைக்கும் 'குரோன்' என்ற சேவை, தான் ஆரம்பிக்கப்பட்டபோது இருந்த நேர வலயத்தையே பிடித்துக்கொண்டிருந்தது. நேர வலயத்தை மாற்றினால் சேர்வரை ஒரு தடவை மீள இயக்க வேண்டும். இதைத் தவறவிட்டு ஒரு நாள் வியாபாரம் போனது. அன்றிரவு மீள இயக்கிய பின்னர் பெக்கப் நமது அதிகாலை 2 மணிக்குப் போனது.

அதன் பின்னர் பாரத்தையும் குறைத்தான். மாற்றமடைந்த கோப்புகளை மட்டும் பிரதியெடுக்கும் முறை பெக்கப் அமைப்பில் உண்டு. பொதியைச் சுருக்காமல் வைப்பதால் இடம் கூடுதலாகப் பிடிக்கும், ஆனால் வேலை சீக்கிரம் முடியும். தளம் கட்டியவர் பரிசோதனைக்கென உருவாக்கிக் கைவிட்ட இரண்டு கணக்குகளும் தினமும் பெக்கப் ஆகிக்கொண்டிருந்தன. அவற்றை நீக்கினோம். 2019 முதல் சி-பெனலின் கட்டணம் கணக்குகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்பதால், கைவிட்ட கணக்குகளை நீக்குவது சிலருக்குப் பில்லிலும் இலாபம் தரலாம். பழைய அஞ்சல்களை அழிக்க ஊழியர்களைச் சம்மதிக்க வைத்ததுதான் எல்லாவற்றிலும் சிரமமான வேலை. பெக்கப்பின் ஒரு பிரதி சேர்வருக்கு வெளியே போகவும் ஏற்பாடு செய்தோம். அதே டிஸ்க்கில் இருக்கும் பிரதி, அந்த டிஸ்க் பழுதாகும் நாளில் எதற்கும் உதவாது.

புள்ளிவிபரம் எங்களுடைய சேர்வரில் இரண்டாவது சந்தேக நபர். ஒரே பதிவேட்டை இரண்டு மென்பொருள்கள் தனித்தனியே படித்து இரண்டு அறிக்கைகள் தயாரித்தன. இரண்டையும் கடையில் ஒருவரும் பார்த்ததில்லை. ஒன்றை நிறுத்தினோம். மற்றதற்குக் காலை எட்டு மணி முதல் இரவு எட்டு வரை வேலை செய்யக்கூடாதென்று நேரத்தடை போட்டோம். நிர்வாகப் பகுதியில் இதற்கென்றே ஓர் இடமுண்டு. மெமரி குறைந்த சேர்வர் வைத்திருப்பவர்கள் வைரஸ் தேடும் சேவையையும் கவனிக்க வேண்டும். அது தனியே ஒரு ஜி.பி.க்கு மேல் பிடித்துக் கொள்ளக்கூடியது. 2 ஜி.பி. சேர்வரில் அது பாதி வீட்டை எடுத்துக்கொண்ட விருந்தாளி.

நம்மில் பலரிடம் இருப்பது வி.பி.எஸ். அல்ல, பல தளங்கள் கூட்டாக இருக்கும் மலிவான ஹோஸ்டிங். அதில் இவற்றில் எதையும் நாமாக மாற்ற முடியாது. ஆனால் கேள்வி கேட்க முடியும். ஒரு வாரத்துக்குத் தளம் தடங்கும் நேரத்தை நிமிடத்துடன் ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். நேரம் சிதறியிருந்தால் கூட்டமாக இருக்கலாம், அல்லது தளத்தின் நிரலில் கோளாறு இருக்கலாம். ஒரே நேரமாக இருந்தால் அந்தக் கொப்பியுடன் ஹோஸ்டிங் கம்பனிக்கு எழுதுங்கள். சேர்வர் எந்த நாட்டு நேரத்தில் ஓடுகிறது, பெக்கப் எத்தனை மணிக்கு, அந்த நேரத்தில் லோட் எவ்வளவு, சி.பி.யு. எத்தனை, டிஸ்க் காத்திருப்பு எத்தனை வீதம் என்று கேளுங்கள். இவற்றுக்கு எண்களால் பதில் தராமல் பெரிய பெக்கேஜின் விலைப்பட்டியலை மட்டும் அனுப்பினால், பணம் அனுப்புவதை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள்.

நாங்கள் தனிச் சேர்வர் எடுக்கவில்லை. பெருநாள் சீசனின் கடைசி இரண்டு வாரங்களும் அதே இரண்டு சி.பி.யு.வில்தான் ஓடின. பகலில் லோட் 2ஐத் தாண்டியது அபூர்வம். 2024 நவம்பரில் அமெரிக்காவில் மறுபடியும் கடிகாரத்தை மாற்றினார்கள். அதற்கு மறுநாள் திங்கட்கிழமை பதினொன்றரையிலிருந்து ஒரு மணிவரை நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மாத முதல் நாளன்று மட்டும் காலையில் தளம் சிறிது இழுக்கிறது. அது கொன்ட்ரோல் பெனலின் வேலையல்ல, எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே நேரத்தில் விலைப்பட்டியலை மின்னஞ்சல் செய்யும் எங்களுடைய சொந்த வேலை. அதைப் பற்றி இன்னொரு வாரம் எழுதுகிறேன்.