இதயத் தசையைக் கட்டும் மரபணு

ஆயர் ஈத்தாம் ஊரில் வண்டியை நிறுத்தி நீங்கள் தேநீர் குடித்து முடிக்கும் பத்து நிமிடத்தில், உங்கள் இதயம் ஏறக்குறைய 700 முறை துடித்துவிடும். அந்தத் துடிப்புக்குத் துணை நிற்பது 11ஆம் குரோமோசோமில் உள்ள எம்ஒய்பிபிசி3 என்ற மரபணு. அது உருவாக்கும் புரதம், இதயத் தசையின் மயோசின் இழைகளை வரிசை குலையாமல் கட்டி, அவை சுருங்குவதைச் சீராக்குகிறது.

இந்திய வம்சாவளியினரில் நூற்றுக்குச் சுமார் நால்வருக்கு இந்த மரபணுவில் 25 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்டிருப்பதை, ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வு மையத்தின் ஆய்வாளர்கள் இடம்பெற்ற குழு 2009இல் வெளியிட்டது. இந்த விடுபாடு இருந்தாலே இதய நோய் வரும் என்பதில்லை. ஆனால், உங்கள் குடும்பத்தில் எவருக்காவது இளவயதிலேயே இதயம் பலவீனமடைந்திருந்தால், மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்; இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.