பூச்சி மருந்து கம்பெனியை மாற்றப் போறீங்களா?

மாசாமாசம் ஆள் வந்து மருந்து அடிச்சுட்டுப் போறார். பணமும் போகுது. கரப்பான் மட்டும் போகலை! மெஸ், பேக்கரி, குழந்தைகள் காப்பகம் என்று சின்னதாகத் தொழில் நடத்தும் பலரின் புலம்பல் இது. ‘வேற கம்பெனிக்கு மாத்திட வேண்டியதுதான்’ என்று தீர்மானித்துவிட்டீர்களா? ரேட்டைக் கேட்கும் முன் சில விஷயங்களைக் கேளுங்கள்.

லைசென்ஸ் இருக்கா?

1968-ம் வருடத்திய பூச்சிக்கொல்லிச் சட்டப்படி, இந்தத் தொழில் செய்பவர்களுக்கு உரிமம் அவசியம். வாய்வார்த்தையாக இல்லாமல், காகிதத்தை வாங்கிப் பாருங்கள். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், பூச்சி ஒழிப்பு ஆட்கள் வீட்டில் வைத்த எலி மருந்தின் நெடியால் இரண்டு சின்னக் குழந்தைகள் இறந்து போனார்கள்.

என்ன மருந்து?

டப்பா லேபிளில் உள்ள சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி நிறத்தைக் கவனியுங்கள். சிவப்பு கொடிய விஷம். அடுத்தடுத்து மஞ்சள், நீலம். பச்சை வீரியம் குறைந்தது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை என்றால் ‘வேண்டவே வேண்டாம்’ என்று சொல்லிவிடுங்கள். ஈரக்காற்று பட்டாலே பாஸ்பீன் என்ற நச்சு வாயு கிளம்பும். அதற்கு முறிவு மருந்து கிடையாது.

பழைய கணக்கை முடியுங்க!

பழைய கம்பெனி எதை, எங்கே, எப்போது வைத்தது என்று எழுதி வாங்குங்கள். பரண், சிங்க் அடியில் மிச்சமிருக்கும் எலி மருந்தை அவர்களையே எடுத்துப் போகச் சொல்லுங்கள். ஜெல் வைத்த இடத்தில் புது ஆள் ஸ்ப்ரே அடித்தால், கரப்பான் ஜெல்லைச் சீண்டாது. இரண்டு பேர் காசும் வீண்!

‘ஒரே நாள்ல ஒழிச்சுடறோம்’ என்றால் நம்பாதீர்கள். சமையலறையில் திரியும் சின்னக் கரப்பானின் ஒரு முட்டைக் கூட்டில் 30, 40 முட்டைகள் இருக்கும். மருந்து அதற்குள் போகாது. குஞ்சு பொரித்த பிறகு, சில வாரத்தில் மறுபடி வந்தே ஆகவேண்டும். அதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

மருந்து அடிக்கும் நாளில்...

* பாத்திரம், உணவுப்பொருட்களை அப்புறப்படுத்துங்கள்.
* கர்ப்பிணிகள், குழந்தைகள், ஆஸ்துமாக்காரர்கள் அங்கே இருக்கக் கூடாது.
* பிறகு ஜன்னல்களைத் திறந்துவைத்து, சமையல் மேடையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.
* யாருக்காவது தலைசுற்றல், வாந்தி, மூச்சுத்திணறல் வந்தால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டு வந்து, மருந்து டப்பாவோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கம்பெனியை மாற்றினால் மட்டும் போதாது. ஒழுகும் குழாய், ராத்திரி தங்கும் எச்சில் குப்பை, மூலையில் அடுக்கிய அட்டைப்பெட்டி... இவையும் மாறணும். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் மூன்றாவது கம்பெனியைத்தான் தேடுவீர்கள்!