தழும்பின் மேல் பச்சை குத்துமுன்

செல் காயத் தழும்பை மறைக்கப் பச்சை குத்தலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: சித்திரத்தைத் தெரிவதற்கு முன் ஊசியைப் பாருங்கள்.

ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே 7 நாட்களாவது உயிர்ப்புடன் இருக்கும். கண்ணுக்குத் தெரியாதளவு இரத்தமே தொற்றுக்குப் போதும். ஆகவே ஒருவருக்குக் குத்திய ஊசியை இன்னொருவருக்குப் பாவிக்கக் கூடாது. புதிய பொதியை உங்கள் முன்னால் பிரிக்க வேண்டும். கிண்ணத்தில் மிஞ்சிய மையையும் வீச வேண்டும். அதில் குழாய்த் தண்ணீர் கலக்கக் கூடாது. மீண்டும் பாவிக்கும் உலோகப் பிடியை ஸ்பிரிட்டால் துடைத்தால் போதாது. ஓட்டோகிளேவில் 121 பாகை செல்சியஸ் அழுத்த நீராவியில் குறைந்தது 15 நிமிடம் வைக்க வேண்டும்.

தழும்பு தடித்து வளர்ந்திருந்தாலோ, உள்ளே செல் துண்டு இருந்தாலோ முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். இவற்றைக் கேட்டால் எரிச்சல்படுகிற கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.