தாகம் தணிக்கும் தேசிக்காய்

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டவர்களுக்கு நாவற்குழிப் பாலம் மறக்காது. பசியைவிடத் தாகமே எம்மை அன்று வாட்டியது. மறுநாள் தென்மராட்சியில் ஒரு வீட்டுப் படலையடியில் வயதான அம்மா ஒருவர் மண்பானையுடன் நின்றார். தமது வளவுத் தேசிக்காய்களைப் பிழிந்து, பனங்கட்டியைக் கரைத்து வைத்திருந்தார். நாம் யார், எவ்வூர் என்று அவர் கேட்கவில்லை. “முதல் குடியுங்கோ பிள்ளையள், பிறகு நடவுங்கோ” என்றார். அந்த ஒரு பேணித் தண்ணீரில் கால்களுக்குத் திரும்பவும் பலம் வந்தது.

அதன் பின்னர் எத்தனையோ இடப்பெயர்வுகளைக் கண்டுவிட்டோம். முகாமிலும், உறவினர் வளவிலும், மீளக்குடியேறிய காணியிலும் தாகம் எம்முடன் வருகின்றது. கடைகளில் விற்கும் நிறமூட்டிய பானங்களுக்குச் செலவிடும் காசில் ஒரு வேளைக் கறி வாங்கலாம். ஆகவே, எல்லோருக்கும் தெரிந்த தேசிக்காய்த் தண்ணீரைப் பற்றி, பலரும் கவனிக்காத சிலவற்றை இங்கு கூற விரும்புகின்றோம்.

முதலில் தண்ணீர்

தேசிப்புளி விட்டால் தண்ணீர் சுத்தமாகிவிடும் என்று சிலர் நம்புகின்றனர். இது ஆபத்தான நம்பிக்கை. பலர் பாவிக்கும் கிணறு, மலசலகூடத்திற்கு அண்மையில் உள்ள கிணறு, வெள்ளம் புகுந்த கிணறு ஆகியவற்றின் நீரைக் கட்டாயம் கொதிக்க வைக்கவேண்டும். நன்றாகக் கொப்பளித்துக் கொதித்தபின் இறக்கி, மூடி ஆறவிடுங்கள். ஆறிய நீருக்குள் கையையோ பேணியையோ விடாது, பிடி நீண்ட அகப்பையால் அள்ளுங்கள். பச்சைத் தண்ணீரில் செய்த ஐஸ் கட்டியைப் போட்டால், கொதிக்க வைத்த பலன் முழுவதும் போய்விடும்.

செய்முறை

வேண்டியவை:
கொதித்தாறிய நீர் – 1 லீற்றர்
நடுத்தரத் தேசிக்காய் – 4 அல்லது 5
சீனி – 6 முதல் 8 மேசைக்கரண்டி
உப்பு – இரண்டு சிட்டிகை

தேசிக்காய்களைக் கழுவி, சிறிது நேரம் இளஞ்சூட்டு நீரில் போட்டெடுத்துப் பலகையில் வைத்து உள்ளங்கையால் உருட்டுங்கள். சாறு கூடுதலாக வரும். குறுக்கே வெட்டி மெதுவாகப் பிழியுங்கள். தோல் நசியும்வரை பிழிந்தாலும், விதை நீரில் ஊறினாலும் கசக்கும். எனவே உடனே வடித்துவிடுங்கள். சீனியையும் உப்பையும் சிறிது சுடுநீரில் முதலில் கரைத்து, ஆறவிட்டு, மீதி நீருடன் கலந்து, கடைசியாகச் சாற்றைச் சேருங்கள். சாற்றைக் கொதிக்க வைத்தால் வாசமும் உயிர்ச்சத்து ‘சி’யும் குறைந்துவிடும்.

சீனி விலையேறிய நாட்களில் பனங்கட்டியைத் தட்டிச் சுடுநீரில் கரைத்து, மண் போக வடித்துப் பாவிக்கலாம். ஒரு துண்டு இஞ்சியைத் தட்டிப் போட்டால் வயிற்றுக்கும் இதமாக இருக்கும். அலுமினியம், பித்தளைப் பாத்திரங்களில் புளி பட்டு உலோகம் கரையும். ஆகையால் மண்பானை, கண்ணாடி, எவர்சில்வர் ஆகியவையே நல்லவை. செய்த அன்றே குடித்து முடிக்கவேண்டும்.

வயலில் நிற்பவர்கள் தாகம் எடுக்கும்வரை காத்திராது, இடைக்கிடை ஒவ்வொரு பேணி குடிக்கவேண்டும். வியர்வையோடு நீரும் உப்பும் வெளியேறுகின்றன. நீரிழிவு உள்ளவர்கள் சீனியில்லாமல் குடிக்கட்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைத் தவிர்க்கட்டும்.

வயிற்றோட்டத்திற்கு இது அல்ல

இந்தப் பகுதியைத் தாய்மார் கவனமாக வாசிக்கும்படி வேண்டுகின்றோம். பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றதும் இனிப்பான தேசிக்காய்த் தண்ணீரையோ சோடாவையோ கொடுப்பது பல வீடுகளில் வழக்கம். அளவுக்கு மிஞ்சிய சீனி குடலுக்குள் மேலும் நீரை இழுத்து வயிற்றோட்டத்தைக் கூட்டிவிடும். பிள்ளைக்குத் தேவை, அளவான சீனியும் அளவான உப்பும் சேர்ந்த நீர்.

இந்த உண்மையின் வலிமையை உலகுக்குக் காட்டியதும் ஓர் அகதி முகாம்தான். 1971இல் வங்காளதேசப் போரினால் இந்திய எல்லையைக் கடந்த மக்களிடையே கொலரா பரவியது. பொங்கான் என்னும் இடத்தில் நரம்பு வழியே ஏற்றும் சேலைன் தீர்ந்தபோது, வைத்தியர் திலீப் மகலநோபிஸ், உப்பும் குளுக்கோசும் அப்பச்சோடாவும் கலந்த நீரைப் பீப்பாக்களில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். உறவினரே நோயாளிகளுக்குப் பருக்கினர். நூற்றுக்கு 30 பேரளவில் இருந்த மரணம் 4 பேருக்கும் குறைவாக இறங்கியது.

வைத்தியசாலையிலும் மருந்துக் கடைகளிலும் கிடைக்கும் ‘ஜீவனி’ இவ்வகைக் கரைசலே. அதனை, பொதியில் கூறியுள்ள அளவு நீரில் முழுவதுமாகக் கரைக்கவேண்டும். அது கையில் இல்லாவிட்டால்:

கொதித்தாறிய நீர் – 1 லீற்றர்
சீனி – 6 தேக்கரண்டி (மட்டமாக)
உப்பு – அரைத் தேக்கரண்டி (மட்டமாக)

கரைத்தபின் நீங்களே ருசி பாருங்கள். கண்ணீரை விட உப்புக் கரித்தால் கொட்டிவிட்டு மீண்டும் கரையுங்கள். ஒவ்வொரு முறை வயிற்றால் போனபின்பும் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கால் கோப்பை முதல் அரைக் கோப்பையும், அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு அரைக் கோப்பை முதல் ஒரு கோப்பையும் கொடுங்கள். சத்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவேண்டாம். 24 மணித்தியாலத்திற்குப் பின் மீதியை ஊற்றிவிடுங்கள்.

கண் குழிவிழுந்து, அழுதாலும் கண்ணீர் வராமல், பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ தாமதிக்கவேண்டாம். வழியெல்லாம் கரைசலைப் பருக்கிக்கொண்டே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

விதையை எறியாதீர்கள்

பிழிந்தபின் எஞ்சும் விதைகளைக் காயவிடாது அன்றே ஊன்றுங்கள். அடியில் துளையிட்ட பழைய பேணியோ, பொலித்தீன் பையோ போதும். மண்ணும் மக்கிய எருவும் கலந்து, விதையை ஒரு விரற்கணு ஆழத்துக்குக் குறைவாகப் புதைத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். பறவை எச்சம்போலத் தோன்றும் சிறு புழுக்களும், பின்னர் பச்சையாகும் பெரிய புழுக்களும் குருத்தைத் தின்னும். காலையில் கையாலேயே பொறுக்கிவிடலாம்.

விதைக்கன்று காய்க்கச் சில வருடங்கள் செல்லும். “இது எங்கட காணியே? யாருக்காக நடுகிறது?” என்று சிலர் எம்மிடம் கேட்டதுண்டு. நியாயமான கேள்விதான். நிலத்தில் நட மனம் வராதவர்கள் பையிலேயே வளர்க்கட்டும். ஊர் திரும்பும் நாளில் பெட்டி, பாயுடன் அந்தக் கன்றையும் ஏற்றலாம். நிலத்தில் நட்டவர்கள் விட்டுச்செல்ல நேர்ந்தாலும் அது வீணாகாது. அடுத்து அந்த வளவுக்கு வருபவர் அதில் ஒரு காய் பறிப்பார்.

தென்மராட்சியில் எமக்குத் தண்ணீர் தந்த அம்மா அந்த மரத்தை நட்டபோது, எங்களை நினைத்து நட்டிருக்கமாட்டார். ஆனாலும் அதன் காய் எமக்கே உதவியது. தாகத்தோடு வந்தவருக்குக் கொடுத்த ஒரு கிண்ண நீரையும் ஆண்டவர் மறப்பதில்லை என்பது எமது நம்பிக்கை. உங்கள் படலையைத் தாண்டிப் போகும் ஒருவருக்கு இன்று ஒரு பேணி நீர் கொடுங்கள். பிழிந்த விதையில் ஒன்றை ஊன்றிவிடுங்கள்.