உதைத்தும் கிளம்பாத மோட்டார் சைக்கிள்

சென்ற ஐப்பசி மாதத்து இரவொன்றில், விடுதியில் எம்முடன் வாழும் நண்பர் ஒருவருக்கு, அவர்தம் தந்தையார் கடும் நோய்வாய்ப்பட்டிருப்பதாக ஊரிலிருந்து செய்தி வந்தது. இரயில் புறப்பட முக்கால் மணி நேரமே இருந்தது. வாயிலில் நின்ற பழைய மோட்டார் சைக்கிளோ மாலை முழுவதும் மழையில் நனைந்திருந்தது. யாம் நால்வர் முறைவைத்து அதனை உதைத்தோம். நாற்பது உதைகளுக்குக் குறையா. யந்திரம் சுழன்றதேயன்றி ஒரு முறையேனும் முழங்கிற்றில்லை. ஈற்றில் நண்பர் தெருவுக்கு ஓடி வாடகை வண்டி தேடிப்பிடித்து நிலையத்தை அடைந்தபொழுது இரயில் சென்றுவிட்டது. மறுநாட் காலையே அவர் ஊர் செல்ல நேர்ந்தது. தந்தையார் பின்னர் நலமடைந்தார் என்பது எமக்கு ஆறுதல். ஆயினும், அவ்விரவு யாம் செய்த பிழை யாதென்பதை மோட்டார் வண்டி வைத்திருக்கும் மாணவ நண்பர்க்கு எடுத்துரைத்தல் நன்றெனக் கருதி இதனை எழுதலானோம்.

1876ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஆட்டோ என்பார் இயக்கிக் காட்டிய நான்கடி யந்திரமே இன்றும் நம் மோட்டார் சைக்கிள்களுட் பெரும்பாலானவற்றில் உள்ளது. பிஸ்டன் ஒரு முறை இறங்கிப் பெட்ரோல் கலந்த காற்றை உள்ளிழுக்கும். ஏறி அதனை நெருக்கும். பொறியினாற் கலவை எரிய, அதன் விசையால் மீண்டும் இறங்கும். பின்னர் ஏறிப் புகையை வெளியே தள்ளும். இந்நான்கனுள் மூன்றாவது மட்டுமே ஆற்றல் தருவது. ஏனைய மூன்றும் அதற்குப் பணிபுரிவன. ஆகவே யந்திரம் உயிர்பெற வேண்டுவன மூன்று: எடையில் ஏறக்குறையப் பதினைந்து பங்கு காற்றும் ஒரு பங்கு பெட்ரோலும் சேர்ந்த கலவை, அதனைப் போதிய அளவு நெருக்கும் அழுத்தம், உரிய நொடியில் எழும் பொறி. கிக்கரை மிதிக்க யந்திரம் சுழல்கின்றதெனின், பிஸ்டன் இறுகவில்லை, பற்சக்கரங்கள் வழுக்கவில்லை என்பது விளங்கும். குற்றம் இம்மூன்றனுள் ஒன்றிலேயே இருத்தல் வேண்டும்.

ஈண்டுப் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. வீணான உதை ஒவ்வொன்றும் சிறிது பெட்ரோலைச் சிலிண்டருக்குள் இழுத்துவிடுகின்றது. எரியாத அப்பெட்ரோல் பிளக்கின் முனையிலும் அதன் வெண்பீங்கானிலும் படிந்து ஈரமாக்குகின்றது. ஈரமான பிளக்கில் பொறி எழாது. எனவே, முதற்கண் இருந்த சிறு குற்றத்தின்மேல் யாம் நாற்பது உதைகளால் இரண்டாவதொரு குற்றத்தை ஏற்றிவைத்தோம். இனி முதற்குற்றம் தானே நீங்கினும் வண்டி கிளம்பாது! நான்கைந்து உதைகளில் விடை கிடையாதாயின் காலை எடுத்துவிட்டுக் கண்ணையும் கையையும் பயன்படுத்தல் வேண்டும்.

சாவி திறந்துள்ளதா, கைப்பிடியருகேயுள்ள யந்திர நிறுத்து சுவிட்சு தவறுதலாக அழுந்தியுள்ளதா, பெட்ரோல் குழாய் திறந்துள்ளதா, டாங்கியில் பெட்ரோல் உள்ளதா என்பவற்றை முதலிற் காண்க. இவற்றைச் சொல்ல எமக்கே நாணமாயிருக்கின்றது. எனினும் இந்நான்கனுள் ஒன்றை மறந்து பட்டறை வரையிலும் வண்டியைத் தள்ளிச் சென்றாரை யாம் அறிவோம்.

அடுத்து பிளக்கைக் கழற்றி நோக்குக. பல உதைகளுக்குப் பின்னும் அது உலர்ந்திருப்பின், பெட்ரோல் வரவில்லை என்பது பொருள். நனைந்திருப்பின், பெட்ரோல் வருகின்றது. பொறிதான் இல்லை, அன்றேல் பெட்ரோல் மிகுந்துவிட்டது. ஒரு நோக்கில் பாதி ஐயம் தீர்ந்துவிடும். இதனைச் செய்யாது காயிலையும் கார்புரேட்டரையும் ஒருங்கே மாற்றுவார் பொருளை இழப்பதோடு, எது பழுதென்பதை அறியும் வழியையும் இழக்கின்றனர்.

பொறியைக் காண வேண்டின், பிளக்கைத் துடைத்து அதன் தொப்பியில் மாட்டி, உலோகப் பகுதி சிலிண்டரின்மேல் நன்கு படுமாறு வைத்து ஒருவர் உதைக்க வேண்டும். பிளக்குத் துளையினின்று பெட்ரோல் ஆவி சீறி வருமாதலால் பொறியை அதற்கு எட்டவே வைத்தல் இன்றியமையாதது. நீலநிறப் பொறி சடசடவென எழுமாயின் நன்று. செந்நிறமாய் நலிந்திருப்பின் ஐயுறத்தக்கது. மேலும், திறந்த வெளியிற் பொறி காட்டும் பிளக்கு, நெருக்குண்ட கலவைக்குள் பொறி காட்டாதொழிவதும் உண்டு. அங்கே பொறி தாவுதற்கு மிகுந்த மின்னழுத்தம் வேண்டும். ஆகலின் நல்ல பிளக்கு ஒன்றைக் கைவசம் வைத்து மாற்றிப் பார்த்தல் அறிவுடைமை.

1955 முதல் சென்னையில் உருவான புல்லட் வண்டிகளுள் பாயிண்டு பொருந்திய பழையவற்றில் இத்தேர்வுக்கு இனியதொரு துணை உண்டு. முன்விளக்கின் மேலுள்ள ஆம்ப்மீட்டரை நோக்கியவாறு, சாவியைத் திறந்து கிக்கரை மெல்ல அழுத்துக. பாயிண்டு மூடியுள்ளபோது ஊசி இடப்புறம் சாயும். திறக்குங்கால் நடுவுக்கு மீளும். ஊசி அசையவே இல்லையெனின் மின்சாரம் காயிலை எட்டவில்லை, அல்லது பாயிண்டில் அழுக்குப் படிந்துள்ளது. சாய்ந்தபடியே நின்றுவிடின் பாயிண்டு திறக்கவில்லை. அதன் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் அளவில் இருத்தல் வேண்டும். ஊசி ஒழுங்காய் ஆடியும் பொறி நலிந்திருப்பின் கண்டென்சரைச் சோதிக்கலாம்.

பெட்ரோல் வராமைக்கு எளிய காரணம் ஒன்று டாங்கி மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபடுதல். பெட்ரோல் இறங்கிய இடத்திற்குக் காற்றுப் புகாவிடின் ஓட்டம் நின்றுவிடும். மூடியைத் திறந்தவுடன் 'உஸ்' என்னும் ஓசை கேட்பின் அதுவே காரணம். அடுத்தது கார்புரேட்டரின் ஜெட்டு. அதன் துளை மயிரிழை போன்றது. வண்டியைப் பல திங்கள் நிறுத்திவைத்தால் பெட்ரோலின் இலேசான பகுதி ஆவியாகி, எஞ்சியது பிசினாகி அதனை அடைத்துவிடும். இக்காலத்துப் பெட்ரோலிற் கலக்கப்படும் எத்தனால் நீரை ஈர்ப்பதாதலின், மிதவைக் கிண்ணத்தின் அடியில் நீர் தங்குதலும் உண்டு. அடித்திருகைத் தளர்த்திச் சிறிது வடித்து நோக்கினால் அது தெரியவரும்.

அழுத்தத்தைப் பற்றி நீட்டிக்க வேண்டுவதில்லை. பிளக்குத் துளையைக் கட்டைவிரலால் மூடி ஒருவரை உதைக்கச் செய்க. விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வெளிப்படின் பெரும்பாலும் போதும். வெளிப்படாவிடின் வால்வோ பிஸ்டன் வளையமோ கெட்டிருக்கலாம். அது பட்டறைக்குரிய வேலை.

2020ஆம் ஆண்டின் புதிய விதிகளுக்குப் பின் நம் நாட்டில் வந்த வண்டிகளுட் பெரும்பாலானவற்றிற் கார்புரேட்டர் இல்லை; பம்பே பெட்ரோலைச் செலுத்துகின்றது. சாவியைத் திறந்தவுடன் இரண்டொரு நொடி எழும் அதன் முரலொலி கேளாவிடின் பியூஸை நோக்குக. இவ்வண்டிகளில் பிளக்குத் தொப்பியை வெறுமனே தொங்கவிட்டுச் சுழற்றுதல் மின்னணுப் பெட்டியைக் கெடுக்கக்கூடும்.

இனி அவ்விரவுக்கு மீள்வோம். நண்பர் சென்றபின் யாம் விளக்குடன் அமர்ந்து பிளக்குத் தொப்பியைக் கழற்றினோம்; உள்ளே மழைநீர் தேங்கியிருந்தது. முதற்குற்றம் அதுவே, துணிகொண்டு துடைத்தால் அரை நிமிடத்தில் தீர்ந்திருக்கும். பிளக்கோ பெட்ரோலில் தோய்ந்திருந்தது. சாவியையும் பெட்ரோல் குழாயையும் மூடி, ஆக்ஸிலேட்டரை முழுதும் திருகிப் பிடித்துப் பத்து முறை உதைத்து, உள்ளே மிகுந்திருந்த ஆவியைத் துளைவழியே வெளியேற்றினோம். பிளக்கையும் தொப்பியையும் உலர்த்தி மாட்டி, சோக்கைத் தொடாது உதைத்தோம். மூன்றாம் உதையில் யந்திரம் முழங்கிற்று. அப்பொழுது இரயில் சென்று இரண்டு நாழிகை ஆகியிருந்தது.